மெட்டாபேஸ் ஒரு சர்வரில், டேட்டாபேஸ் இன்னொரு சர்வரில்: பாதுகாப்பாக நிறுவுவது எப்படி?

நீங்கள் கேட்டது இதுதான்: அலுவலக ரிப்போர்ட்டுகளுக்காக, டேட்டாபேஸில் உள்ளதை அட்டவணையாகவும் படமாகவும் காட்டும் மெட்டாபேஸ் என்ற மென்பொருளை நிறுவப் போகிறீர்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒரு சர்வரில், மெட்டாபேஸ் இன்னொன்றில், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை முன்னால் நின்று வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் மூன்றாவதில். இப்படிப் பிரித்து வைத்தாலே பாதுகாப்பு வந்துவிடுமா, இல்லை வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

பிரித்து வைப்பது நல்ல முடிவு. ஆனால் அது பாதி வேலைகூட இல்லை. மெட்டாபேஸ் சர்வர் நாளைக்கே வேறொருவன் கைக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அவன் டேட்டாபேஸில் எதையெல்லாம் படிக்க முடியும், எதையெல்லாம் அழிக்க முடியும்? “எல்லாவற்றையும்” என்பது பதிலானால் மூன்று சர்வர் வைத்திருந்தாலும் ஒன்று வைத்திருந்தாலும் வித்தியாசம் இல்லை. நான் இந்த மாதிரி அமைப்புகளைப் பார்க்கும்போது முதலில் இதைத்தான் பார்ப்பேன். மற்றதெல்லாம் அப்புறம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2023 ஜூலையில் மெட்டாபேஸில் சிவிஇ-2023-38646 என்ற ஓட்டை வெளியே வந்தது (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்). நிறுவும் நேரத்தில் ஒரே ஒரு முறை பயன்பட வேண்டிய செட்டப் டோக்கன், நிறுவி முடித்த பிறகும் அழியாமல் இருந்தது. லாகின் இல்லாமலே யார் வேண்டுமானாலும் அதைப் படிக்க முடிந்தது. அந்த டோக்கனை வைத்து, டேட்டாபேஸ் இணைப்பைச் சோதிக்கும் பக்கத்தின் வழியாக சர்வரில் கட்டளைகளையே ஓட்ட முடிந்தது. 0.46.6.1 பதிப்பில் சரி செய்தார்கள். அதற்கு முன் 2021 நவம்பரில் மேப் (நிலப்பட) வசதி வழியாக சர்வரில் உள்ள கோப்புகளைப் படிக்கும் இன்னொரு ஓட்டை வந்தது. மெட்டாபேஸ் மட்டும் மோசம் என்று எண்ண வேண்டாம். இதே வேலையைச் செய்யும் அப்பாச்சி சூப்பர்செட்டில் 2023இல், எல்லாருக்கும் தெரிந்த இயல்பு ரகசியச் சாவியை மாற்றாமல் விட்டவர்களின் தளத்தில் அட்மினாகவே நுழைய முடிந்தது. மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட்டிங் சர்வீசஸுக்கு 2020 பிப்ரவரியில் சிவிஇ-2020-0618. இந்த வகை மென்பொருள் எல்லாவற்றிலும் ஓட்டை வரும், வந்துகொண்டே இருக்கும். நிறுவனத்தின் அத்தனை டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் தாக்குபவர்களும் இதைத்தான் தேடி வருகிறார்கள்.

அதனால் பாதுகாப்பை டேட்டாபேஸ் பக்கத்திலிருந்து கட்டத் தொடங்குங்கள். மெட்டாபேஸுக்கு என்று தனி யூசர் வேண்டும். ஏற்கெனவே அப்ளிகேஷன் பயன்படுத்தும் யூசரைக் கொடுக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸ் 14இலிருந்து எல்லாவற்றையும் படிக்க மட்டும் விடும் ஆயத்த ரோல் (அனுமதித் தொகுப்பு) ஒன்று இருக்கிறது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும் என்று பலரும் அதையே கொடுத்துவிடுகிறார்கள். சம்பளம், ஆதார் எண், பாஸ்வேர்ட் ஹாஷ் என்று எல்லா டேபிளும் அதற்குள் வந்துவிடும். வேண்டாம்.

நான் செய்வது இப்படி. ரிப்போர்ட்டுக்கு என்று தனி ஸ்கீமா (டேட்டாபேஸுக்குள் ஒரு தனிப் பகுதி) ஒன்றை உருவாக்கி, தேவையான வியூக்களை (டேபிளில் தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் காட்டும் ஜன்னல்கள்) மட்டும் அதில் வைப்பேன். வாடிக்கையாளர் பெயர் தேவை இல்லையென்றால் அது வியூவிலேயே வராது. மொபைல் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் போதுமென்றால் அதை மட்டும் கொடுப்பேன். போஸ்ட்கிரெஸில் வியூ இயல்பாக அதன் உரிமையாளரின் அனுமதியில்தான் ஓடும். ஆகவே ரிப்போர்ட் யூசருக்கு வியூவைப் படிக்கும் அனுமதி இருந்தால் போதும், அடியில் உள்ள டேபிளைத் தொடும் அனுமதி தேவையே இல்லை. மெட்டாபேஸில் யார் என்ன எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளை) எழுதினாலும், சர்வரே பறிபோனாலும், வியூவில் கொடுக்காத நெடுவரிசை எதுவும் வெளியே போகாது. இந்த வியூக்களை எழுத நேரம் பிடிக்கும், ஒவ்வொரு துறையோடும் உட்கார்ந்து பேச வேண்டும். முழு வேலையிலும் மிக அதிகப் பலன் தருவது அந்த நேரம்தான்.

இன்னும் ஒன்று: ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வரில் பல டேட்டாபேஸ்கள் இருந்தால், புதிதாக உருவாக்கும் யூசருக்கு எல்லா டேட்டாபேஸிலும் இணையும் உரிமை இயல்பாகவே இருக்கும். அதைப் பொது உரிமையிலிருந்து நீக்கிவிட்டு, தேவையானவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

ரெப்ளிகா, அதாவது பிரதான டேட்டாபேஸ் சர்வரின் மாற்றங்களைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ளும் நகல் சர்வர், வைக்க முடியுமென்றால் கட்டாயம் வையுங்கள். கனமான குவெரி ஒன்று மாதக் கடைசியில் பில்லிங்கையே நிறுத்திவிடும் ஆபத்து போகும், ரெப்ளிகாவில் யாரும் எதையும் எழுதவும் முடியாது. ஸ்ட்ரீமிங் ரெப்ளிகாவில் யூசர்கள் தனியாக இருக்க மாட்டார்கள், பிரதான சர்வரில் உள்ளவர்களே அப்படியே வருவார்கள். ஆனால் யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் பிஜி-ஹெச்பிஏ கோப்பு ரெப்ளிகேஷனில் நகராது, ஒவ்வொரு சர்வருக்கும் தனி. ஆகவே பிரதான சர்வரின் கோப்பில் ரிப்போர்ட் யூசரை ரிஜெக்ட் என்று போட்டுவிட்டு, ரெப்ளிகாவின் கோப்பில் மட்டும் அனுமதிக்கலாம். பாஸ்வேர்ட் திருடு போனாலும் அதை வைத்துக்கொண்டு பிரதான சர்வருக்குள் போக முடியாது. ரெப்ளிகாவில் நீளமான குவெரிகள் நடுவில் ரத்தாவதைப் பார்த்தால் பதற வேண்டாம். பிரதான சர்வரிலிருந்து வரும் மாற்றங்களுக்கு ஒரு குவெரி இடைஞ்சலாக இருந்தால் ரெப்ளிகா இயல்பாக 30 விநாடி வரை காத்திருக்கும், அப்புறம் குவெரியை நிறுத்திவிடும். ரிப்போர்ட்டுக்கு என்றே வைத்த ரெப்ளிகாவில் அந்த நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

அந்த பிஜி-ஹெச்பிஏ கோப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் வரியையே போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொள்ளும். மெட்டாபேஸ் சர்வரின் ஐபிக்கு ஹோஸ்ட்எஸ்எஸ்எல் (என்கிரிப்ட் ஆன இணைப்புக்கு மட்டும் பொருந்துவது) என்று ஒரு வரி போட்டுவிட்டு, என்கிரிப்ஷன் கட்டாயமாகிவிட்டது என்று நினைப்பார்கள். என்கிரிப்ஷன் இல்லாமல் வரும் இணைப்புக்கு அந்த வரி பொருந்தாது, அவ்வளவுதான். அது கீழே இறங்கிப் போகும். எப்போதோ யாரோ அவசரத்துக்குப் போட்ட “எல்லாரும், எங்கிருந்தும்” என்ற வரி அங்கே இருந்தால் அதன் வழியாக உள்ளே வந்துவிடும். ஆகவே புதிய வரியைச் சேர்ப்பதோடு பழையதையும் துடைத்து எடுங்கள். பாஸ்வேர்ட் முறை ஸ்க்ராம்-ஷா-256 ஆக இருக்கட்டும். பழைய எம்டி5 முறை இன்னும் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இணைக்கும் பக்கத்தில், மெட்டாபேஸில் எஸ்எஸ்எல் மோட் என்று ஒரு தேர்வு வரும். பலரும் ரிக்வயர் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது போகும் வழியை என்கிரிப்ட் செய்யும், ஆனால் மறுமுனையில் இருப்பது உங்கள் டேட்டாபேஸ்தானா என்று சரிபார்க்காது. சர்வர்கள் தனித்தனியாக இருக்கும்போது இது முக்கியம். வெரிஃபை-ஃபுல் போட்டு, ரூட் சான்றிதழையும் கொடுங்கள்.

நெட்வொர்க்குக்கு வருவோம். டேட்டாபேஸின் 5432 போர்ட் மெட்டாபேஸ் சர்வருக்கும் அப்ளிகேஷன் சர்வருக்கும் மட்டும் திறந்தால் போதும். மெட்டாபேஸின் 3000 போர்ட் என்ஜின்எக்ஸ் சர்வருக்கு மட்டும். இங்கே டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் கருவி) பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைப் போட்டு 3000ஐ மூடியிருப்பார்கள். ஆனால் டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிப் போய்விடும், ஏனென்றால் டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால்) விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. ஓர் இடத்தில் நான் பார்த்தபோது யூஎஃப்டபிள்யூ எல்லாம் மூடியிருப்பதாகவே காட்டியது, வெளியிலிருந்து தட்டினால் மெட்டாபேஸின் லாகின் பக்கம் அழகாகத் திறந்தது. என்ஜின்எக்ஸ் அதே சர்வரில் இருந்தால் 127.0.0.1 என்ற (அந்த சர்வருக்குள்ளிருந்து மட்டும் எட்டும்) முகவரியோடு போர்ட்டைக் கட்டிவிடலாம். உங்களைப் போலத் தனி சர்வரில் இருந்தால் தனியார் ஐபியோடு கட்டி, கிளவுடின் செக்யூரிட்டி குரூப்பிலும் (கிளவுட் தரும் ஃபயர்வால்) தடுத்துவிடுங்கள். எதைச் செய்தாலும் வீட்டு இணையத்திலிருந்து ஒரு முறை நீங்களே தட்டிப் பாருங்கள்.

என்ஜின்எக்ஸைத் தனி சர்வரில் வைக்க வேண்டுமா என்று என்னைக் கேட்டால், மெட்டாபேஸுக்காக மட்டும் என்றால் தேவையில்லை. வேறு அப்ளிகேஷன்களுக்கும் அதுவே முன்வாசல் என்றால் வையுங்கள். அப்போது என்ஜின்எக்ஸிலிருந்து மெட்டாபேஸுக்குப் போகும் வழி வெறும் ஹெச்டிடிபி என்பதை மறக்கக் கூடாது. வெளியே பூட்டுப் படம் தெரியும், உள்ளே பாஸ்வேர்ட் திறந்த கடிதமாகப் போகும். இரண்டுக்கும் நடுவே வயர்கார்ட் என்ற விபிஎன் போட்டுவிடுங்கள், அல்லது மெட்டாபேஸுக்குள்ளேயே இருக்கும் ஜெட்டி என்ற வெப் சர்வரிலேயே எஸ்எஸ்எல்லை இயக்குங்கள்.

உள்ளே வருவதைத் தடுப்பவர்கள் வெளியே போவதைப் பற்றிப் பெரும்பாலும் யோசிப்பதில்லை. மேலே சொன்ன 2023 ஓட்டை மாதிரியானவற்றில் உள்ளே நுழைந்தவன் அடுத்து செய்வது, தன் சர்வருக்கு அங்கிருந்து ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொள்வது. மெட்டாபேஸ் சர்வருக்கு வெளியே போக என்ன தேவை? டேட்டாபேஸ், மெயில் சர்வர், டிஎன்எஸ், லாகினுக்கு கூகுள் என்றால் அது. மற்றதை மூடலாம். அமேசான் கிளவுடில் இருந்தால் 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரிக்கு (சர்வர் தன் விவரங்களையும் தற்காலிகச் சாவிகளையும் கேட்டு வாங்கும் இடம்) ஐஎம்டிஎஸ்வி2வை, அதாவது முதலில் டோக்கன் கேட்கும் புதிய முறையை, கட்டாயமாக்குங்கள். 2019இல் கேப்பிட்டல் ஒன் வங்கியில் ஏறத்தாழ 10 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் போனதற்கு, அந்த முகவரியிலிருந்து எடுத்த தற்காலிகச் சாவிகளே வழி திறந்தன.

மெட்டாபேஸுக்குள் செய்ய வேண்டியவை குறைவுதான். அது தன் சொந்த விவரங்களை இயல்பாக ஹெச்2 என்ற கோப்பில் வைக்கும். சோதனைக்குச் சரி, நிஜப் பயன்பாட்டுக்கு அதை ஒரு தனி போஸ்ட்கிரெஸுக்கு மாற்றுங்கள். மெட்டாபேஸின் என்கிரிப்ஷன் சாவியை முதல் நாளே சூழல் மாறியாக (என்வயரன்மென்ட் வேரியபிள்) கொடுத்துவிடுங்கள், குறைந்தது 16 எழுத்து வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் இணைக்கும் டேட்டாபேஸ்களின் பாஸ்வேர்டுகள் பேக்கப் கோப்பில் படிக்கும்படியே கிடக்கும். சாவியையும் பேக்கப்பையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஆனால் சர்வரே பறிபோனால் இந்தச் சாவியும் சேர்ந்துதான் போகும். அதனால்தான் டேட்டாபேஸ் பக்கத்தை இவ்வளவு வலியுறுத்தினேன்.

அனுமதிகளில் எல்லாரும் இடறும் இடம் “ஆல் யூசர்ஸ்” குழு. யாரைச் சேர்த்தாலும் அவர் தானாகவே அதில் இருப்பார். ஒருவர் இரண்டு குழுவில் இருந்தால் எதில் அதிக அனுமதி இருக்கிறதோ அதுவே செல்லும். கணக்குப் பிரிவுக்கு என்று ஒரு குழுவை எவ்வளவு கட்டுப்பாட்டோடு அமைத்தாலும், ஆல் யூசர்ஸ் திறந்திருந்தால் எல்லாம் வீண். முதலில் அதை முழுதாக மூடுங்கள். வரிவாரியாகக் கட்டுப்படுத்தும் வசதியும், டவுன்லோடைத் தடுக்கும் வசதியும் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. இலவசப் பதிப்பில் ஒரு ரிப்போர்ட்டைப் பார்க்க முடிந்தவர் அதை எக்செலாக 10 லட்சம் வரிவரை இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கிளைக்கும் அதன் தரவு மட்டும் தெரிய வேண்டுமென்றால் கிளைவாரியாகத் தனி வியூ (போஸ்ட்கிரெஸின் செக்யூரிட்டி பேரியர் அமைப்போடு), தனி யூசர், தனி இணைப்பு என்று போகலாம். கொஞ்சம் சலிப்பூட்டும் வேலை, ஆனால் நம்பலாம். பொது லிங்க் வசதியை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு முறை போன லிங்க் யாரிடமெல்லாம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. லாகினுக்கு அலுவலக கூகுள் கணக்கை இணைத்தால் இரட்டைச் சரிபார்ப்பை அங்கேயே கட்டாயமாக்கலாம், இலவசப் பதிப்பிலேயே அது உண்டு. வெளியூரிலிருந்து பார்ப்பவர்கள் இருந்தால் விபிஎன் வழியாக வரட்டும்.

சர்வர் இந்தியாவில் என்றால், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் லாகையும், ரிப்போர்ட் யூசர் எப்போது எங்கிருந்து இணைந்தது என்ற போஸ்ட்கிரெஸ் லாகையும் அந்தந்த சர்வரிலேயே விட்டுவிடாமல் வேறோர் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். உள்ளே வந்தவன் முதலில் அழிப்பது லாகைத்தான்.

நேரடிப் பயன்பாட்டுக்குத் திறப்பதற்கு முந்தைய நாள் ஒரு சோதனை செய்யுங்கள். மெட்டாபேஸ் சர்வரில் நுழைந்து, ரிப்போர்ட் யூசரின் பாஸ்வேர்டோடு கட்டளை வரியிலிருந்து டேட்டாபேஸோடு இணையுங்கள். சம்பள டேபிளைப் படிக்கப் பாருங்கள். ஒரு வரியை அழிக்கப் பாருங்கள். பக்கத்து டேட்டாபேஸுக்குத் தாவப் பாருங்கள். எஸ்எஸ்எல்லை அணைத்துவிட்டு இணையப் பாருங்கள். ரெப்ளிகா வைத்திருந்தால், பிரதான சர்வரை நேராகத் தொடப் பாருங்கள். அதே பாஸ்வேர்டை உங்கள் லேப்டாப்பிலிருந்தும் முயன்று பாருங்கள். அத்தனையும் மறுக்கப்பட வேண்டும். ஏதாவது ஒன்று வேலை செய்துவிட்டால் திறப்பதைத் தள்ளிப்போடுங்கள். எது வேலை செய்தது என்று கீழே எழுதுங்கள், எந்த வரியை மாற்ற வேண்டும் என்று சேர்ந்து பார்க்கலாம்.