அப்பாவின் கேசட்டும் ராஸ்பெர்ரி பையும்: எது சட்டப்படி சரி?

கேள்வி: என் அப்பா அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். 1985-இல் சித்தப்பா லண்டனிலிருந்து ஒரு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் வாங்கி வந்து கொடுத்தார். அப்பா 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டு, வாய்ப்பாடும் பின்னமும் சொல்லித்தரும் சின்னச் சின்ன புரோகிராம்களை எழுதிக் கேசட்டில் பதிந்து வைத்தார். 2021-இல் காலமாகிவிட்டார். மெஷின் இப்போது ஓடாது. நாற்பது கேசட் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர் போட்டு, கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றி வருகிறேன். ஆயிரக்கணக்கான பழைய கேம்கள் உள்ள ஒரு தொகுப்பையும் இணையத்திலிருந்து இறக்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் மெமரி கார்டில் போட்டு, ராஸ்பெர்ரி பையோடு சேர்த்து விற்கலாம் என்கிறார் நண்பர். நாற்பது வருஷப் பழசு, கம்பெனியே இல்லை, யார் கேட்கப் போகிறார்கள் என்கிறார். விற்கலாமா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: விற்கும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். மற்றவற்றில் நீங்கள் பயப்பட வேண்டியது குறைவு, சந்தோஷப்பட வேண்டியது அதிகம்.

முதலில் நண்பரின் வாதம். "பழசு" என்பது சட்டத்தில் எடுபடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஒரு நாவலுக்கு உள்ள ஆயுள்தான் அதற்கும்: எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 வருஷம். 1980-களில் கேம் எழுதியவர்களில் பலர் அப்போது இருபது வயது இளைஞர்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த 60 வருஷக் கணக்கு ஆரம்பிக்கவே இல்லை. வெளிநாட்டுப் படைப்புதானே என்றும் ஒதுக்க முடியாது. பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கையில் உள்ள நாடுகளின் படைப்புகளுக்கு நம் நாட்டிலும் பாதுகாப்பு உண்டு.

கம்பெனி மூடினாலும் உரிமை காற்றில் கரைந்துவிடாது, யாரோ ஒருவர் கைக்குப் போகும். ஸ்பெக்ட்ரமையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தயாரித்த சின்க்ளேர் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் தொழிலை 1986-இல் ஆம்ஸ்ட்ராட் வாங்கியது. அந்த ஆம்ஸ்ட்ராடை 2007-இல் ஸ்கை நிறுவனம் வாங்கியது. வாங்குபவர்கள் உரிமைகளையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

சரி, உங்கள் மேஜையில் இருப்பதற்கு வருவோம். எமுலேட்டர் என்பது ஒரு மெஷின் நடந்துகொள்வதைப் போலவே நடந்துகொள்ளும், புதிதாக எழுதப்பட்ட மென்பொருள். அதை எழுதுவதோ ஓட்டுவதோ குற்றமில்லை. ஸ்பெக்ட்ரமுக்குப் பலரும் பயன்படுத்தும் 'ஃபியூஸ்' எமுலேட்டர், யாரும் பயன்படுத்தவும் பகிரவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

எமுலேட்டர் மட்டும் இருந்தால் திரையில் ஒன்றும் வராது. ஸ்பெக்ட்ரமின் ரோம், அதாவது அந்த 16 கிலோபைட் நிரலும் வேண்டும். பேசிக் மொழியே அதற்குள்தான் இருக்கிறது. சிப்பில் பதிந்திருப்பதால் அது வெறும் வன்பொருள்தான், பதிப்புரிமை கிடையாது என்ற வாதத்தை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆப்பிள் – ஃபிராங்க்ளின் வழக்கில் 1983-லேயே தள்ளிவிட்டது. ஆனால் ஸ்பெக்ட்ரம் பிரியர்கள் கொடுத்துவைத்தவர்கள். எமுலேட்டரோடு இந்த ரோமைச் சேர்த்துக் கொடுக்க 1999-இல் ஆம்ஸ்ட்ராட் அனுமதி தந்தது. பதிப்புரிமை வாசகத்தை மாற்றக் கூடாது, ரோமுக்கென்று காசு வாங்கக் கூடாது, உரிமை எங்களுடையதே என்பவை நிபந்தனைகள். இந்தப் பெருந்தன்மையை எல்லாப் பழைய மெஷின்களுக்கும் எதிர்பார்க்காதீர்கள். நாளை வேறொரு கம்ப்யூட்டருக்குப் போனால் அதன் ரோமுக்கு அனுமதி உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இனி கேசட்டுகள். நாற்பதையும் தரையில் பரப்பி, உறையைப் பார்த்துப் பிரியுங்கள். அச்சிட்ட உறையோடு கடையில் வாங்கியவை ஒரு பக்கம். இவற்றை நகலெடுத்து ராஸ்பெர்ரி பையில் ஓட்டுவதற்குச் சட்டமே வழிவிடுகிறது. பிரிவு 52(1)(ஏடி)-யின்படி, ஒருவர் சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து, வணிக நோக்கமில்லாத சொந்த உபயோகத்துக்கு நகலெடுப்பது மீறல் ஆகாது. அப்பாவிடமிருந்து வாரிசாக வந்ததும் சட்டப்படி பெற்றதுதான் என்பது என் கருத்து.

வெற்றுக் கேசட்டில் கையால் பெயர் எழுதி, யாரிடமோ வாங்கிப் பதிந்த கேம்கள் இன்னொரு பக்கம். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான், அப்பாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நகலின் நகலுக்கு அந்தப் பிரிவு துணை நிற்காது. இணையத்தில் இறக்கிய தொகுப்பும் இதே கணக்குதான். அதில் உரிமையாளரே இலவசமாக விட்டவை சில இருக்கலாம். அவற்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.

மூன்றாவது பக்கம்தான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது: அப்பா தானே எழுதிய புரோகிராம்கள். அவற்றின் ஆசிரியர் அவர். பள்ளி வேலையின் பகுதியாக இல்லாமல், வீட்டில் தன் ஆர்வத்தில் எழுதியதால் உரிமையும் அவருடையதே. பதிவு எதுவும் தேவையில்லை, எழுதிய கணமே உரிமை பிறந்துவிட்டது. 2081 டிசம்பர் 31 வரை அது நிற்கும். உயில் இல்லை என்றால் அந்த உரிமை வாரிசுகளுக்கு வரும். இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தினால் அம்மா, நீங்கள், உடன்பிறந்தவர்கள், அப்பாவின் அம்மா இருந்தால் அவரும் பங்குதாரர்கள். இந்த வாய்ப்பாட்டு புரோகிராமைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம், இணையத்தில் வைக்கலாம், ஆசைப்பட்டால் விற்கவும் செய்யலாம். எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட ஒரு பக்க உரிமக் கடிதம் போதும். உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று பிரிவு 30 சொல்கிறது, வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

நண்பரின் கார்டு மட்டும் ஏன் ஆபத்து? பிறர் கேமை நகலெடுத்து விற்கும்போது சொந்த உபயோகம் என்ற குடை போய்விடுகிறது. பிரிவு 63-இன் கீழ் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இது வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்ற வகை என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஓட்டும் ஆளையும் பிரிவு 63பி தொடும். அப்புறம், ரெட்ரோபை போன்ற எமுலேட்டர் தொகுப்பில் இருக்கும் சிலவற்றின் உரிமமே வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது. ஆக, கேமே இல்லாத கார்டை விற்பதானாலும் உரிமங்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். நண்பருக்குத் தொழில் செய்தே ஆக வேண்டும் என்றால், வெறும் ராஸ்பெர்ரி பையை விற்று, ஃபியூஸை நிறுவும் வேலைக்குக் கூலி வாங்கட்டும்.

கேசட்டுகளைக் கோப்பாக மாற்றியதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடையில் வாங்கியதை உறையோடு, ரசீது கிடைத்தால் ரசீதோடு வையுங்கள். உங்கள் நகல் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் காட்ட அதுதான் சான்று. அப்பா கைப்பட எழுதிய நிரல் நோட்டு இருந்தால் முதல் வேலையாக அதைப் படமெடுத்து வையுங்கள். அந்தப் புரோகிராம்கள் அவருடையவை என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.