ஞாயிறு கடன், ஒருசந்தி, பாவசங்கீர்த்தனம், கலப்புத் திருமணம்: கேள்வி பதில்

ஞாயிறு காலை எனக்கு ஷிப்ட். போனில் திருப்பலி பார்த்தால், ஞாயிறு தோறும் திருப்பலியில் பங்கேற்க வேண்டிய கடன் தீருமா ஐயா?

தீராது. திரையில் பார்ப்பது படுக்கையில் இருப்பவருக்கு ஆறுதல். அவருக்கு அந்தக் கடனே இல்லை. நடமாட முடிந்தவர் நேரில் பங்கேற்க வேண்டும். அதற்காக உங்கள் பங்குக் கோவிலின் காலைப் பூசைக்கே போக வேண்டும் என்பதில்லை. சனிக்கிழமை மாலைத் திருப்பலி போதும். எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையானாலும் சரி என்கிறது திருச்சபைச் சட்டம் 1248. பெங்களூரில் தமிழ்ப் பூசை தூரமென்றால் பக்கத்துத் தெரு சீரோ மலபார் (கேரளக் கத்தோலிக்க முறை) கோவில் குர்பானாவுக்கு, அதாவது அவர்கள் திருப்பலிக்கு, போங்கள். மொழி புரியாவிட்டாலும் கடன் தீரும்.

மருத்துவமனை டியூட்டியை விட்டு வரவே முடியாத வாரத்தில் பாவமில்லை. மாதக்கணக்கில் அப்படியே போகிறதென்றால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். தக்க காரணத்துக்காக விலக்குத் தரவும், அதை வேறொரு பக்தி முயற்சியாக மாற்றவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

எனக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கலாமா?

அம்மா, உங்களுக்கு ஒருசந்திக் கடமை இல்லை. 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது நிறையும் வரை உள்ளவர்களுக்குத்தான் அது, அதுவும் திருநீற்றுப் புதன், புனித வெள்ளி இரண்டு நாள் மட்டும். ஒரு வேளை முழுச் சாப்பாடு. காலையிலும் இரவிலும் கொஞ்சம் சாப்பிடலாம். அந்த வயதுக்குள் இருந்தாலும் நோயாளிக்குக் கட்டாயமில்லை. இன்சுலின் போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். அதைத் திருச்சபை உங்களிடம் கேட்கவில்லை.

சுத்தபோசனம் வேறு. 14 வயது நிறைந்தவர்களுக்கு அது ஆயுள் முழுக்க உண்டு: அதற்குக் குறித்த நாட்களில் இறைச்சி கூடாது. மீன், முட்டை, பால் சட்டப்படி தடையில்லை. நம் வீடுகளில் பலர் மீனையும் விடுகிறார்கள். அது நல்ல வழக்கம், ஆனால் வழக்கம்தான். மீன்குழம்பு வைத்த மருமகளைப் பாவம் செய்தவளாக ஆக்காதீர்கள்.

பூசைக்குக் கிளம்பும்போது காபி குடித்துவிட்டேன். நன்மை (நற்கருணை) வாங்கலாமா?

நற்கருணை வாங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் உட்கொள்ளக் கூடாது. பூசை தொடங்கும் நேரத்திலிருந்து கணக்கிடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஞாயிறு பூசையில் நன்மை கொடுக்கவே முக்கால் மணி நேரம் ஆகிவிடும் என்பதால், கிளம்பும்போது குடித்த காபி பெரும்பாலும் தடையாகாது. தண்ணீரும் மருந்தும் எப்போதும் தடையில்லை. முதியவர், நோயாளி, அவரைக் கவனிப்பவர் மூவருக்கும் இந்த ஒரு மணி நேரமும் இல்லை.

வேலை செய்யும் ஊரில் தமிழ்ச் சாமியார் இல்லை. வாட்ஸப்பில் குருவிடம் பாவங்களைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?

கூடாது தம்பி. போனில் சொல்லும் பாவமன்னிப்பு செல்லாது. குருவும் நீங்களும் நேரில் இருக்க வேண்டும். மொழிக்கு வழி இருக்கிறது. சட்டம் 990 மொழிபெயர்ப்பாளரை அனுமதிக்கிறது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கடமை அவருக்கும் உண்டு. அது கூச்சமாக இருந்தால் சாவான (மிகக் கனமான) பாவங்களை, எத்தனை முறை என்பதோடு, எளிய ஆங்கிலத்தில் துண்டுச் சீட்டில் எழுதிப்போய் வாசியுங்கள், முடிந்ததும் கிழித்துவிடுங்கள். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைத் தமிழிலேயே சொல்லலாம். ஒரு பாவம் மறந்துபோனால் அதுவும் மன்னிக்கப்பட்டதே. சாவான பாவமானால் அடுத்த முறை சொல்லுங்கள். வெட்கத்தால் தெரிந்தே மறைத்தால்தான் முழுப் பாவசங்கீர்த்தனமும் வீணாகும்.

நான் காதலிக்கும் பையன் இந்து. அவர் ஞானஸ்நானம் வாங்காமல் கோவிலில் திருமணம் நடக்குமா? அவர் வீட்டில் பயப்படுகிறார்கள்.

நடக்கும். அவர் மதம் மாற வேண்டியதில்லை. திருமணத்துக்காக மட்டும் ஞானஸ்நானம் வாங்கச் சொல்லி நீங்களும் நெருக்காதீர்கள். தேவைப்படுவது ஆயரின் விலக்கு அனுமதி. பங்குத்தந்தைதான் விண்ணப்பிப்பார். அது இல்லாமல் நடக்கும் திருமணம் திருச்சபைப்படி செல்லாது.

வாக்குறுதி தருவது நீங்கள்: விசுவாசத்தை விட மாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் தந்து கத்தோலிக்கராக வளர்க்க என்னால் முடிந்ததெல்லாம் செய்வேன் என்று. அப்படி நீங்கள் வாக்களித்திருப்பதை அவர் அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை அவர் வீட்டில் இப்போதே சொல்லுங்கள். குழந்தை பிறந்த பின் முதல் முறையாகக் கேள்விப்பட்டால் பெரிய சண்டையாகிறது.

சிக்கல் வருவது வேலையின் வரிசையில். மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, இரண்டு வாரம் இருக்கும்போது பங்குத்தந்தையிடம் போகிறார்கள். புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணத் தயாரிப்பு வகுப்பு, ஓலை வாசிப்பு (கோவிலில் திருமண அறிவிப்பு), ஆயர் இல்லத்துக் கடிதம் எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். ஆறு மாதம் முன்பே போங்கள்.

இன்னொன்று: காலையில் கோவில், மாலையில் அவர்கள் முறைப்படி ஒரு கல்யாணம் என்று இரு வீடும் பேசி முடிப்பது உண்டு. சம்மதம் தரும் இரண்டாவது சமயச் சடங்கைச் சட்டம் 1127 தடுக்கிறது. வரவேற்பு, விருந்து, பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவது எதற்கும் தடையில்லை. நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை, மணமக்களில் ஒருவர் மட்டும் கிறிஸ்தவரானாலும் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பொருந்தும்.

ஏற்கெனவே ரிஜிஸ்டர் மேரேஜ் செய்தவர்கள்?

வழி உண்டு. பங்குத்தந்தை முன்னிலையில், விலக்கு அனுமதியோடு, சம்மதத்தைப் புதிதாகச் சொல்லி முறைப்படுத்தலாம். கூட்டம் வேண்டாம், இரண்டு சாட்சிகள் போதும். துணைவர் கோவிலுக்கு வர மறுத்தாலும், சேர்ந்து வாழும் சம்மதம் இருவருக்கும் நிலைத்திருந்தால், சம்மதத்தை மீண்டும் சொல்லாமலே அந்தத் திருமணத்தை ஆயர் வேரிலிருந்தே சரிசெய்து தர முடியும். இதைப் பலரும் அறியாமல் வருடக்கணக்கில் நன்மை வாங்காமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். தயவுசெய்து போய்க் கேளுங்கள்.

அப்பாவைத் தகனம் செய்தோம். சாம்பலைக் கடலில் கரைக்கலாமா?

தகனத்துக்குத் தடையில்லை, 1963 முதல் அனுமதி உண்டு. கரைப்பதும் தூவுவதும் கூடாது என்று 2016இல் வத்திக்கான் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. பானையோடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யுங்கள். குடும்பக் குழியிலேயே, தாத்தா பாட்டி பக்கத்தில் வைக்கலாம்; சிறிய இடம் போதும். அடக்கத்தின்போது செபிக்கப் பங்குத்தந்தையைக் கூப்பிடுங்கள்.