நைன் இன்ச் நெயில்ஸ் லைவ், அதுல இருந்து பிரிஞ்சு போனவங்க லைவ்: ரெண்டும் பாத்தவங்க சொல்லுங்க, எதுக்கு போகலாம்?

கேள்வி கேட்டவர் சொன்னது இதுதான்: இந்த வருஷம் ஒரே ஒரு கான்சர்ட்டுக்குத்தான் காசு ஒதுக்க முடியும், நைன் இன்ச் நெயில்ஸ்ங்கற அமெரிக்க இண்டஸ்ட்ரியல் ராக் பேண்ட பாக்கவா, இல்ல அதுல முன்னாடி கிட்டார் வாசிச்ச ரிச்சர்ட் பேட்ரிக்கோட ஃபில்டர் பேண்ட் பாக்கவா, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "ஒரிஜினல் இருக்கும்போது பிரிஞ்சு போனவர எதுக்குய்யா பாக்கணும்"னு கேக்குறாங்களாம்.

நான் பன்னெண்டு வருஷமா கிளீவ்லாந்து பக்கம் இருக்கேன். நைன் இன்ச் மூணு தடவ பாத்துட்டேன், 2018, 2022, 2025. ஃபில்டர் ரெண்டு தடவ. அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், இது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்.

முதல்ல உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்ற அந்த "ஒரிஜினல்" பத்தி. ரெக்கார்டு வேற, மேடை வேற. ரெக்கார்டுல நைன் இன்ச்னா அத ஆரம்பிச்சு பாடுற ட்ரென்ட் ரெஸ்னர்தான், அதுல சந்தேகமே இல்ல. கிளீவ்லாந்துல ரைட் ட்ராக்னு ஒரு ஸ்டுடியோ, அங்க தரை தொடைக்கிற வேலையும் அசிஸ்டன்ட் வேலையும் பாத்துக்கிட்டு ஸ்டுடியோ சும்மா கெடக்குற நேரத்துல தனியா உக்காந்து டெமோ பண்ணினார், அதுல இருந்துதான் 1989ல ப்ரெட்டி ஹேட் மெஷின் ஆல்பம் வந்துச்சு. ஆனா அதை மேடைக்கு கொண்டு போகணும்னா ஒரு ஆள் பத்தாதே, அப்போ சேந்தவங்கதான் ரிச்சர்ட் பேட்ரிக், ட்ரம்மர் க்ரிஸ் வ்ரென்னா மாதிரி ஆளுங்க. சிந்தசைசர் சத்தமும், தானா வாசிக்கிற சீக்வென்சர் மெஷின் சத்தமும் டேப்ல ஓடிக்கிட்டே இருக்கும், அந்த மெஷின் சத்தத்துக்கு மேல இவங்க உடம்பால சண்டை போடுவாங்க, கிட்டார உடைக்கிறது, கீபோர்ட தள்ளி விடுறது, ஒருத்தர் மேல ஒருத்தர் விழுறது. 1991ல லாலபலூசாங்கற இசைவிழாவோட முதல் டூர்ல பட்டப்பகல்ல வாசிச்சு இந்த பேண்ட ஊருக்கெல்லாம் தெரிய வெச்சது அந்த கூட்டம்தான்.

இதுக்கு எனக்கு பிடிச்ச ஒரு சாட்சி இருக்கு. நைன் இன்ச்சுக்கு முதல் கிராமி "விஷ்" பாட்டுக்கு, அது ஸ்டுடியோ ரெக்கார்டிங். ரெண்டாவது கிராமி 1996ல, "ஹாப்பினஸ் இன் ஸ்லேவரி"க்கு, ஆனா ஸ்டுடியோ வெர்ஷனுக்கு குடுக்கல, 1994 வுட்ஸ்டாக் இசைவிழால லைவா வாசிச்சதுக்கு குடுத்தாங்க. மேடைக்கு போற வழியில ட்ரென்ட் தன் பேண்ட்ல இருந்த டேனி லோனர சேத்துல தள்ளி விட, அப்புறம் எல்லாரும் சேத்துல உருண்டு அப்படியே உடம்பெல்லாம் சேறோட வந்து வாசிச்ச ஷோ அது. அன்னைக்கு ட்ரென்ட் கூட மேடைல இருந்தவங்க ராபின் ஃபின்க், டேனி லோனர், ஜேம்ஸ் வூலி, க்ரிஸ் வ்ரென்னா. இதுல ராபின் மட்டும் நடுவுல கன்ஸ் அண்ட் ரோசஸ் பேண்டுக்கு போய்ட்டு திரும்பி வந்துட்டார், மத்த மூணு பேரும் பின்னாடி ஒவ்வொருத்தரா போய்ட்டாங்க. அந்த கிராமில பாதி அவங்களோட வேர்வைனுதான் நான் சொல்லுவேன்.

ரிச்சர்ட் அதுக்கும் முன்னாடியே கெளம்பிட்டார், 1993ல, தன் பாட்ட தான் பாடணும்னு. (இவரோட அண்ணன்தான் ராபர்ட் பேட்ரிக், ஹாலிவுட்ல டெர்மினேட்டர் 2 படத்துல உருகி ஓடுற உலோக போலீஸா வந்து நம்மள பயமுறுத்தினவர். மொகத்த பாத்தாலே தெரியும்.) ப்ரையன் லீஸ்காங்கோட சேந்து ஃபில்டர் ஆரம்பிச்சு 1995ல ஷார்ட் பஸ் ஆல்பம், அதுலதான் "ஹே மேன் நைஸ் ஷாட்". 1987ல பென்சில்வேனியா மாநில பொருளாளர் பட் ட்வையர் பத்திரிகையாளர்கள் முன்னாடியே தன் உயிர மாய்ச்சுக்கிட்டார், அந்த சம்பவத்த பத்தின பாட்டு. நிறைய பேர் இன்னமும் நிர்வானா பாடகர் கர்ட் கோபேன் பத்தினதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க, அது தப்பு.

சரி, லைவ் அனுபவத்துக்கு வரேன்.

2018 டூர்ல முதல் சுற்று டிக்கெட் எல்லாம் ஆன்லைன்ல விக்கல, நேர்ல கவுன்ட்டருக்கு போய் வரிசைல நின்னுதான் வாங்கணும்னு வெச்சிருந்தாங்க. சிகாகோல இருக்குற எங்க சித்தப்பா பையன் காலைல இருந்து நின்னு எனக்கும் சேத்து வாங்கினான். அந்த டூர்ல பெரிய ஸ்க்ரீன் ஜாலமெல்லாம் கிடையாது, புகை, வெள்ளை லைட்டு, ஸ்ட்ரோப், அவ்ளோதான், ஆனா லைட்டும் ட்ரம்ஸும் ஒண்ணா அடிக்கும்போது கண்ணுக்கும் காதுக்கும் வித்தியாசம் தெரியாம போய்டும், நெஞ்செலும்புல வந்து முட்டும். நைன் இன்ச் லைவ்ல எனக்கு எப்பவும் தோணுறது அந்த துல்லியம்தான். ட்ரம்மர் காதுல தாளத்துக்கு க்ளிக் சத்தம் ஓடுது, சீக்வென்ஸ் ஓடுது, லைட்டு அதோட பூட்டியிருக்கு, ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டுக்கு நடுவுல மூச்சு விடக்கூட இடம் இருக்காது. அதுக்குள்ள ட்ரென்ட் நடுவுல நின்னு கத்தும்போது ஒரு பெரிய ஃபேக்டரிக்குள்ள ஒத்த மனுஷன் மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும், இண்டஸ்ட்ரியல்னு பேர் வெச்சதுக்கு அர்த்தம் அங்கதான் புரியும்.

ஃபில்டர முதல்ல பாத்தது ஒரு சின்ன க்ளப்ல. முன்னூறு நானூறு பேர் இருந்திருப்போம். மேடைக்கும் எனக்கும் நாலடி. ஷார்ட் பஸ் ஆல்பத்துல பெரும்பாலும் ட்ரம் மெஷின்தான், அந்த ரெக்கார்ட கேட்டா இரும்பு டப்பாவுக்குள்ள அடிக்கிற மாதிரி இறுக்கமா இருக்கும், ஆனா லைவ்ல மனுஷன் ட்ரம்ஸ் அடிக்கும்போது அந்த இறுக்கம் தளர்ந்து பாட்டு முன்னாடியும் பின்னாடியும் அசையுது, அது எனக்கு எதிர்பாராத சந்தோஷம். "ஹே மேன்" ஆரம்பத்துல வெறும் பேஸ் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும் இல்லையா, அந்த இடத்துல கூட்டமே அமைதியாய்டுச்சு, எல்லாருக்கும் என்ன வரப்போகுதுன்னு தெரியும், அப்புறம் அந்த கோரஸ்ல ரிச்சர்ட் ஒரு கத்து கத்தினார் பாருங்க, மைக்ல இருந்து வந்ததா தொண்டைல இருந்து நேரா வந்ததான்னு தெரியல, கழுத்து நரம்பு புடைக்கிறது எனக்கு தெரிஞ்சுது. அந்த நிமிஷம் எனக்கு தோணினது, இந்த கத்தல் நான் யூடியூப்ல பாத்த 1990, 91 நைன் இன்ச் வீடியோல இருந்த அதே வெறி. இப்போ இருக்குற நைன் இன்ச் ஷோல அது இல்லைன்னு சொல்ல வரல, அங்க அது கட்டுக்குள்ள இருக்கு, செதுக்கி வெச்சிருக்காங்க. இங்க அது செதுக்காம பச்சையா இருக்கு.

அதே ஷோல "டேக் எ பிக்சர்" வந்தப்போ அதே தொண்டை எப்படி இவ்ளோ மென்மையா மாறுச்சுன்னு ஆச்சரியமா இருந்துச்சு. ஒரு விமான பயணத்துல குடிச்சு நெலை தெரியாம நடந்துக்கிட்டத வெச்சு அவர் எழுதின பாட்டு அது. 2002ல குடிய விட்டுட்டார், அதுக்கப்புறம் இத்தன வருஷம் கழிச்சு தெளிவா நின்னு அந்த பாட்ட பாடும்போது கேக்குற நமக்கே தொண்டை அடைக்குது. பக்கத்துல ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், கண்ண மூடிக்கிட்டு முழு பாட்டும் பாடினாங்க.

ரெண்டாவது தடவ 2024, ராப் சோம்பி, ஆலிஸ் கூப்பர், மினிஸ்ட்ரி எல்லாரும் சேந்து போன டூர்ல முதல் பேண்ட்டா ஃபில்டர். வெயில் இருக்கும்போதே ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடுச்சு, பாதி ஜனம் இன்னும் பார்க்கிங்ல. நல்லாத்தான் வாசிச்சாங்க, ஆனா இந்த மாதிரி ஸ்லாட்ல பாத்துட்டு ஃபில்டர் இவ்ளோதான்னு யாராவது முடிவு பண்ணினா அது அநியாயம்.

இப்போ நான் நிஜமா சொல்ல வந்தது 2022 செப்டம்பர் 24. பிளாசம் மியூசிக் சென்டர், கிளீவ்லாந்துக்கும் அக்ரனுக்கும் நடுவுல காட்டுக்குள்ள இருக்கு, கோடைல கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிற எடம், முன்னாடி கூரை போட்ட பகுதி, பின்னாடி புல்வெளி சரிவு. நான் புல்வெளிலதான், ஒரு ஜமுக்காளம் விரிச்சு. முதல்ல நிட்சர் எப், மினிஸ்ட்ரி பேண்டுங்க வாசிச்சாங்க, அப்புறம் நைன் இன்ச்.

இதுக்கு ஒரு பின்கதை இருக்கு. 2020ல நைன் இன்ச்ச ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ங்கற கௌரவப் பட்டியல்ல சேத்தாங்க, கொரோனா நேரம்ங்கறதால ஒரே மேடைல கூடி வாசிக்கிற விழா நடக்கல. சேத்த பேருல ட்ரென்ட், ஆட்டிகஸ் ராஸ், ராபின், அலெஸாண்ட்ரோ கோர்டினி, ஈலன் ரூபின், கூடவே பழையவங்கள்ல வ்ரென்னாவும் லோனரும் இருந்தாங்க. ரிச்சர்ட் பேரும், பின்னாடி கீபோர்ட் வாசிச்ச சார்லி க்ளௌசர் பேரும் அதுல இல்ல. எனக்கு அது அப்போ ரொம்ப உறுத்துச்சு, இப்பவும் உறுத்துது. அந்த ஆரம்ப வருஷங்கள்ல மேடைல ட்ரென்ட்டுக்கு பக்கத்துல நின்னவர விட்டுட்டு ஒரு பட்டியலா?

அன்னைக்கு ராத்திரி ஷோ கடைசி பகுதில ட்ரென்ட் அந்த நாலு பேரையும் மேடைக்கு கூப்பிட்டார். வ்ரென்னா, லோனர், க்ளௌசர், ரிச்சர்ட். பட்டியல்ல இருந்தவங்க இல்லாதவங்கன்னு வித்தியாசமே இல்ல. புல்வெளில இருந்த மொத்த கூட்டமும் எந்திரிச்சிருச்சு. "விஷ்", "கேவ் அப்" எல்லாம் அவங்களோட சேந்து வாசிச்சாங்க. 2018லயும் நான் இந்த பாட்டெல்லாம் கேட்டிருக்கேன், ஆனா அன்னைக்கு சத்தமே வேற, இத்தன பேர் ஒரே மேடைல இருந்ததால கொஞ்சம் பிசுறு தட்டிச்சு, அங்கங்க முட்டி மோதிச்சு, அந்த துல்லியத்துக்கு நடுவுல திடீர்னு ஒரு பழைய பேண்ட் எட்டிப் பாத்த மாதிரி. எனக்கு அந்த பிசுறுதான் பிடிச்சுது.

அப்புறம் அந்த பேஸ் லைன் ஆரம்பிச்சுது. "ஹே மேன் நைஸ் ஷாட்". பேண்ட்ட விட்டு போன ஒருத்தர், போனதுக்கப்புறம் சொந்தமா போட்ட பாட்டு, அதை நைன் இன்ச் மொத்தமும் அவருக்கு பின்னாடி நின்னு வாசிக்குது, அதுவும் நைன் இன்ச் ஆரம்பிச்ச ஊருல. நான் அழுதுட்டேன். க்ளப்ல நாலடி தூரத்துல கேட்ட அதே கத்தல் இப்போ அந்த சரிவு முழுக்க கேட்டுச்சு, நைன் இன்ச்சோட லைட்டும் சவுண்டும் அதுக்கு பின்னாடி இருக்கும்போது, இத்தன வருஷமா ரெண்டு தனித்தனி பாதியாத்தான் கேட்டுக்கிட்டிருந்தோமான்னு இருந்துச்சு. கடைசியா "ஹெட் லைக் எ ஹோல்", எல்லாரும் சேந்து.

2025 பத்தி சுருக்கமா. பீல் இட் பேக் டூர். அரங்கத்துக்கு நடுவுல ஒரு குட்டி மேடை, ட்ரென்ட் பியானோவோட அங்க ஆரம்பிச்சு அப்புறம் பெரிய மேடைக்கு போறார், நடுவுல பாய்ஸ் நாய்ஸ்ங்கற டிஜேவோட சேந்து எலக்ட்ரானிக்கா ஒரு பகுதி. பாக்குறதுக்கு நான் பாத்த மூணுல இதுதான் அழகு. இதுலயும் பிரிஞ்சவங்க கதை ஒண்ணு இருக்கு பாருங்க, அமெரிக்க ஷோக்கள் ஆரம்பிக்கிறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி ட்ரம்மர் ஈலன் ரூபின் ஃபூ ஃபைட்டர்ஸ் பேண்டுக்கு போய்ட்டார், ஃபூ ஃபைட்டர்ஸ்ல இருந்து வெளிய வந்த ஜாஷ் ஃப்ரீஸ் இங்க வந்துட்டார். ஜாஷ் ஏற்கனவே 2005ல இருந்து சில வருஷம் நைன் இன்ச்ல வாசிச்சவர்தான். ரெண்டு பேரும் அபாரமான ட்ரம்மர்ஸ், ஆனா ஈலன் அடிக்கிறதுல ஒரு துள்ளல் இருக்கும், ஜாஷ் அடிச்சா செவுத்துல ஆணி இறங்குற மாதிரி நேரா இறங்கும். ட்ரம்மர் மாறினா அதே பாட்டு வேற பாட்டாகுதுன்னு அன்னைக்கு நல்லா தெரிஞ்சுது. மேடைல யார் நிக்கிறாங்கங்கறது இவ்ளோ முக்கியம்னா, போனவங்கள வெறும் கூலிக்கு வாசிச்சவங்கன்னு எப்படி ஒதுக்க முடியும்?

மத்தவங்க பத்தி கேட்டா, சார்லி க்ளௌசர் சினிமா இசைக்கு போய்ட்டார், ஸா திகில் படங்களோட இசை அவருதுதான். வ்ரென்னா ட்வீக்கர்னு சொந்த ப்ராஜெக்ட், கேம் இசைன்னு போனார். பேண்ட் வெச்சு ஊர் ஊரா போய் லைவ் வாசிக்கிறது ரிச்சர்ட்தான், அதனாலதான் இந்த கேள்வில அவர் மட்டும் வர்றார்.

சரி, ஒரே டிக்கெட்டுன்னா? நைன் இன்ச் நீங்க இதுவரைக்கும் பாத்ததே இல்லைன்னா நைன் இன்ச் போங்க, அந்த லைட்டையும் சவுண்டையும் வீடியோல பாத்து ஒண்ணும் தெரியாது. முடிஞ்சா தரையில நிக்கிற டிக்கெட், ஆனா ரொம்ப முன்னாடி போகாம சவுண்ட் மிக்ஸிங் பண்ற எடத்துக்கு பக்கத்துல நில்லுங்க, அங்கதான் எல்லாம் சரியா கேக்கும். ஏற்கனவே ஒரு தடவ பாத்தாச்சுன்னா தயங்காம ஃபில்டர், ஆனா பெரிய டூர்ல ஓபனிங்கா வரும்போது வேண்டாம், அவங்களே மெயினா வாசிக்கிற சின்ன க்ளப் ஷோவா பாத்து போங்க. நான் போனப்போ நைன் இன்ச் டிக்கெட் காசுல மூணுல ஒரு பங்குகூட ஆகல. ரெண்டுக்குமே காதுக்கு இயர்ப்ளக் எடுத்துக்கோங்க, க்ளப்ல இன்னும் அவசியம். "டேக் எ பிக்சர்" வரும்போது மட்டும் ஒரு காதுல இருக்குறத கழட்டி வெச்சுக்கோங்க.