என்னைவிட மெதுவாகச் செய்பவரிடம் வேலையை ஏன் கொடுக்க வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கைப்பைகளை வடிவமைத்து, தைத்து, இணையவழி விற்கிறேன். ஏழு ஆண்டுகளாகத் தொழில் நடக்கிறது. தையலுக்கு இருவர் இருக்கிறார்கள். மற்ற எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன். விலை கேட்டு வரும் வாட்ஸ்அப் செய்திகள், கூரியர் டிராக்கிங் எண்கள், இன்வாய்ஸ்கள், பையை மாற்றித் தரச் சொல்லும் மின்னஞ்சல்கள் என்று காலையில் மூன்று மணி நேரம் போய்விடுகிறது. அதன்பின் துணி வெட்டும் மேசைக்கு வந்தால் மனம் ஒன்றுவதில்லை. தொலைவிலிருந்து வேலை பார்க்கும் வர்ச்சுவல் அசிஸ்டென்ட் ஒருவரை அமர்த்திக்கொள்ளும்படி தோழி சொல்கிறார். ஆனால் இந்த வேலைகளை யாரையும்விட நான் வேகமாகச் செய்வேன். சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் நானே முடித்துவிடலாம். நேரில் பார்த்திராத ஒருவரிடம் கடவுச்சொற்களைக் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. இதில் உண்மையிலேயே பயன் உண்டா?

க.

அன்புள்ள க.,

'யாரையும்விட நான் வேகமாகச் செய்வேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழு உண்மை என்று எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் வெளியிட்ட நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் இதே கேள்வி வருகிறது. இருவருக்குக் காலணியும் தொப்பியும் செய்யத் தெரியும். அவர்களில் ஒருவர் இரண்டிலுமே மற்றவரை விஞ்சியவர்; தொப்பியில் 20 விழுக்காடு, காலணியில் 33 விழுக்காடு. திறமை மிக்கவர் காலணியை மட்டும் செய்து, தொப்பியை மற்றவரிடம் விட்டுவிடுவதே இருவருக்கும் ஆதாயம் என்கிறார் ரிக்கார்டோ. ஒரு தொப்பியைச் செய்யும் நேரத்தில் செய்யாமல் விட்ட காலணிதான் அவருக்கு அந்தத் தொப்பியின் விலை. இன்வாய்ஸ் போடுவதில் உங்கள் உதவியாளரைவிட நீங்கள் கொஞ்சம் வேகமாக இருக்கலாம்; கைப்பை வடிவமைப்பிலோ அவர் உங்கள் பக்கத்திலேயே வர முடியாது. நீங்கள் போடும் ஒவ்வோர் இன்வாய்ஸுக்கும் வரையப்படாத ஒரு பையை விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இழப்பு அந்த மூன்று மணி நேரத்தோடு நிற்பதும் இல்லை. முடிவுறாத ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். வெட்டு மேசைக்கு வந்ததும் மனம் ஒன்றவில்லை என்கிறீர்களே, அதை உடல் களைப்பு என்று மட்டும் எண்ண வேண்டாம். பதில் எழுதி முடிக்காத ஏதோ ஒரு செய்தி உங்களோடு மேசைவரை வந்திருக்கிறது.

ஆனால் மிச்சமாகும் நேரத்தைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. உதவியாளரை அமர்த்துவது பற்றிப் பேசுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இன்று நீங்கள் செய்யாமலே விட்டுவிடும் வேலைகளை அவர் செய்வார் என்பதே அது. மெய்ப்புத் திருத்தமும் மொழிபெயர்ப்பும் செய்துதரும் ஒரு சிறிய பணியகத்தை நான் நடத்துகிறேன். உதவியாளர் வருவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் நான் அனுப்பிய விலைப்புள்ளிகளை ஒருநாள் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். விலையைச் சொல்லி அனுப்பியிருந்தேன்; மறுமுனை மௌனமாகிவிட்டது; எவர் ஒருவருக்கும் நான் இரண்டாவது வரி எழுதியிருக்கவில்லை. கூச்சமும் இருந்தது, நேரமும் இல்லை. இப்போது விலைப்புள்ளி போன நான்காம் நாள், 'மேலும் ஏதேனும் விவரம் தேவையா?' என்று உதவியாளரிடமிருந்து ஒரு கடிதம் போகிறது. பணம் வர வேண்டிய இன்வாய்ஸுக்கு, தவணை நாளுக்கு முன்பு ஒன்றும் பின்பு ஒன்றுமாக இரண்டு நினைவூட்டல்கள் போகின்றன. நான் அவரைவிட நல்ல கடிதம் எழுதுவேன் என்பது உண்மைதான். ஆனால் எழுதாத என் நல்ல கடிதத்தால் யாருக்கும் பயனில்லை. உங்களிடம் பையின் அளவையும் விலையையும் கேட்டுவிட்டு அமைதியாகிப் போனவர்களின் பெயர்களை வாட்ஸ்அப்பில் மேலிருந்து கீழாகத் தேடிப் பாருங்கள். உதவியாளருக்கான முதல் வேலை அந்தப் பட்டியலில் இருக்கிறது.

சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் நாமே முடித்துவிடலாம் என்பது முதல் மாதத்திற்கு முற்றிலும் சரி. அந்த மாதத்தில் உங்களுக்கு நேரம் மிச்சமாகாது, கூடுதலாகவே செலவாகும். வேறு மாதிரிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். என் அனுபவத்தையே சொல்கிறேன். 'முக்கியமான மின்னஞ்சல்களை மட்டும் என்னிடம் காட்டுங்கள்' என்று உதவியாளரிடம் சொல்லியிருந்தேன். ஒரு வாடிக்கையாளர் மிகப் பணிவாக நன்றி கூறித் தொடங்கி, மூன்றாம் பத்தியில் இரண்டு பக்கங்கள் திருத்தப்படாமலே வந்திருப்பதைக் குறிப்பிட்டிருந்தார். நன்றிக் கடிதம் என்று எண்ணிய உதவியாளர் அதற்குரிய பதிலை அனுப்பிக் கோப்பில் சேர்த்துவிட்டார். ஒன்பது நாள் கழித்து அந்த வாடிக்கையாளர் மறுபடி எழுதியபோதுதான் எனக்குத் தெரிந்தது. பிழை என்னுடையது. எது முக்கியம் என்று நான் சொல்லவே இல்லை. அது என் தலைக்குள் இருந்தது, அவர் என் தலைக்குள் இல்லை. அன்று மாலையே ஒரு பக்கம் எழுதினேன். பணத்தைத் திருப்பிக் கேட்பவர், பொருளில் குறை சொல்பவர், கெடு நாளை மாற்றக் கேட்பவர், ஒரே விஷயத்திற்காக இரண்டாம் முறை எழுதுபவர் ஆகியோரின் கடிதங்கள் நேராக என்னிடம் வர வேண்டும். மற்றவற்றுக்கு அவரே பதில் எழுதலாம். கடிதங்களைக் கடைசி வரிவரை படித்த பிறகே பிரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பக்கம் இன்றும் பயன்படுகிறது. உங்கள் தொழிலிலும் எத்தனையோ விதிகள் உங்கள் நினைவில் மட்டுமே இருக்கும். அவற்றை எழுதிவைத்தால், நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளிலும் ஒரு பார்சல் சரியான முகவரிக்குப் போய்ச் சேரும். எழுதுவது சிரமமாக இருந்தால், வேலையைச் செய்யும்போதே பேசிக்கொண்டு கணினித் திரையைப் பதிவு செய்து அனுப்பிவிடுங்கள். அதைப் பார்த்து உதவியாளரே குறிப்புகளை எழுதட்டும். அவர் எதை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

கடவுச்சொல் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதைக் கைவிட வேண்டாம். கடவுச்சொல்லைக் கொடுக்காமலே பெரும்பாலான வேலைகளை ஒப்படைக்க வழி இருக்கிறது. ஜிமெயிலில் இன்னொருவரைப் பிரதிநிதியாகச் சேர்த்தால், அவர் தம் சொந்தக் கணக்கிலிருந்தே உங்கள் கடிதங்களைப் படிக்கவும் பதில் அனுப்பவும் முடியும். உங்கள் கடவுச்சொல்லை மாற்ற முடியாது. கணக்கு மென்பொருள்கள் பலவற்றில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு திறந்து, இன்வாய்ஸ் போடுவதோடு நிற்கும்படி எல்லை வகுக்கலாம். வங்கிக் கணக்கைக் கொடுக்கவே கூடாது. செலுத்த வேண்டிய தொகைகளை அவர் பட்டியலிடட்டும், செலுத்துவது உங்கள் கையில் இருக்கட்டும். கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணை எந்த அவசரத்திலும் பகிராதீர்கள். வாட்ஸ்அப்பில் இணைப்புச் சாதனமாக அவர் கணினியைச் சேர்த்தால் உங்கள் உரையாடல்கள் எல்லாமே அங்கே தெரியும் என்பதால், சொந்த எண்ணையும் தொழில் எண்ணையும் முதலில் பிரித்துவிடுங்கள். வாடிக்கையாளர்களின் முகவரிகளை அவர் கையாளப் போவதால், இரகசியம் காப்பது பற்றி எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் தேவை.

எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்டர்களே குறைவாக இருக்கும் காலத்தில் உதவியாளரை அமர்த்தினால், மிச்சமாகும் நேரம் வெறுமனே கிடக்கும், சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். உங்கள் நிலை அதுவல்ல. காத்திருக்கும் வேலை வெட்டு மேசையிலேயே இருக்கிறது. அதே சமயம், கோபமாக இருக்கும் வாடிக்கையாளரிடம் பேசுவது, தையல்காரர்களோடு பேசுவது, விலையை முடிவு செய்வது ஆகிய மூன்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உதவியாளருக்குச் சரியான நாளில் ஊதியம் கொடுங்கள். தொலைவில் இருப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது. உங்கள் நாணயத்தை அவர் அந்தத் தேதியை வைத்துத்தான் அறிவார்.

வாரத்திற்குப் பத்து மணி நேரம், நான்கு வாரங்கள், இரண்டே வேலைகள் என்று தொடங்குங்கள்: டிராக்கிங் எண் அனுப்புவது, விலை கேட்டு அமைதியானவர்களுக்கு எழுதுவது. காலை நேரத்தை அன்றே வெட்டு மேசைக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் வேறு சில்லறை வேலைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எந்தச் செய்தி உங்களிடம் வர வேண்டும், எது வர வேண்டியதில்லை என்ற அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும், விருப்பமிருந்தால் எனக்கு அனுப்புங்கள். விடுபட்டவை என் கண்ணில் பட்டால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.