சித்தப்பாவின் நோயும் கொடைக்கானல் காளானும்

கேள்வி: எனக்கு வயது 23. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் நண்பர்களுடன் கொடைக்கானல் போகிறேன். அங்கே போதைக் காளான் வாங்கி ஒரு முறை சாப்பிட்டுப் பார்ப்போம் என்கிறார்கள். மனச்சோர்வுக்கே அது மருந்தாகிறது என்று பாட்காஸ்ட்களில் மருத்துவர்கள் பேசுகிறார்கள். ஆனால் என் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய். கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கும்போது, 20 வயதில் வந்ததாம். ரேடியோவுக்குள் இருந்து தன்னைத் திட்டுகிறார்கள் என்று அதன் பின்மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். இப்போது மாதாமாதம் தஞ்சாவூர் போய் மாத்திரை வாங்கி வருகிறார். வயலையும் அவர்தான் பார்க்கிறார். அப்பாயியின் அண்ணன் ஒருவர் காசிக்குப் போய்த் திரும்பவில்லை என்பார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. வார இறுதியில் கஞ்சா புகைப்பது உண்டு. அதனால் ஒன்றும் ஆனதில்லை. ஒரே ஒரு முறை காளான் சாப்பிட்டால் எனக்கும் அந்த நோய் வந்துவிடுமா? இதைச் சித்தப்பாவிடம் பேசலாமா? – பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்.

பதில்: சாப்பிடாதீர்கள், தம்பி. முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன்; இனி காரணங்கள். ‘போதை உடலுக்குக் கேடு’ என்று ஒரு வரியில் முடித்தால், தலையாட்டிவிட்டுக் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்ட பாட்காஸ்ட்களில் சொல்வது கட்டுக்கதை இல்லை. அந்தக் காளானில் இருக்கும் சைலோசைபினை 1958-இல் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஹோஃப்மன்; எல்.எஸ்.டி.யைக் கண்டுபிடித்த அதே சுவிஸ் வேதியியலாளர். வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு, தனி அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபின் கொடுக்கலாம் என்று ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் அனுமதித்திருக்கிறது. நார்வே ஆராய்ச்சியாளர்கள் இருவர் 2013-இல், அமெரிக்காவில் 1.3 லட்சம் பேரிடம் எடுத்த கணக்கெடுப்பை அலசிப் பார்த்து, சைலோசைபின், எல்.எஸ்.டி. போன்ற இவ்வகைப் பொருள்களைப் பயன்படுத்தியவர்களிடம் மனநலச் சிக்கல்கள் கூடுதலாகத் தென்படவில்லை என்று எழுதினார்கள். உங்கள் நண்பர்களில் விவரம் தெரிந்தவர் யாராவது இருந்தால் இந்த ஆய்வைத்தான் நீட்டுவார். அது வீடுகளில் இருப்பவர்களிடம் எடுத்த கணக்கு. அன்றைக்கு மனநல மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவர் அதில் இடம்பெற்றிருக்க மாட்டார். குடும்பத்தில் மனச்சிதைவு உள்ளவர்களைத் தனியே பிரித்துப் பார்த்ததும் இல்லை.

பாட்காஸ்ட்காரர்கள் வேகமாகத் தாண்டிப்போகிற இடம் ஒன்று உண்டு. சைலோசைபின் ஆய்வுகளுக்கு ஆள் சேர்க்கும்போது, ‘உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு உண்டா?’ என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 2008-இல் வெளியிட்ட பாதுகாப்பு வழிமுறைகளில் இது தெளிவாக இருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் முதல் வட்டம். தாத்தா, பாட்டி, சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா அடுத்த வட்டம். இந்த இரண்டு வட்டத்தில் யாருக்கு இந்த நோய் இருந்தாலும் அவரைச் சேர்க்க வேண்டாம் என்பது அந்த வழிமுறை. அதாவது உங்கள் சித்தப்பா ஒருவரே போதும். நீங்கள் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘பாதுகாப்பானது’ என்று நீங்கள் கேட்ட பேச்செல்லாம் உங்களைப் போன்றவர்களை விலக்கிவிட்டு, அறையில் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள, அளந்து கொடுத்த மருந்தைப் பற்றியது. அதை நம்பி நீங்கள் காளான் சாப்பிடுவது, தலைமடைக்காரரின் தண்ணீர்க் கணக்கைக் கேட்டுவிட்டுக் கடைமடையில் நாற்று விடுவது போல.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்று கேட்பீர்கள். சைலோசைபின் உடலுக்குள் போய் சைலோசினாக மாறி, மூளையில் செரட்டோனின் 2ஏ என்கிற ஏற்பியை, அதாவது நரம்புச் செல்லில் வேதிச் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஓர் இடத்தை, தூண்டுகிறது. காட்சிகள் நெளிவதும், தான் வேறு உலகம் வேறு என்ற எல்லை கரைவதும் பெரும்பாலும் அதன் வேலை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சித்தப்பாவின் மாத்திரை அட்டையை எடுத்துப் படியுங்கள். ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குளோசபின் என்று ஏதாவது எழுதியிருந்தால், அந்த மருந்துகள் தடுக்கிற ஏற்பிகளில் இந்தச் செரட்டோனின் 2ஏ-வும் ஒன்று. சித்தப்பா மாதாமாதம் காசு செலவழித்துத் தஞ்சாவூர் போய்த் தடுத்து வைத்திருப்பதை, நீங்கள் காசு கொடுத்துத் தூண்டப் போகிறீர்கள். மனச்சிதைவு இந்த ஒரு ஏற்பியால் வருகிற நோய் இல்லை. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் உட்பட வேறு பலதும் அதில் சேர்ந்திருக்கின்றன. இருந்தாலும் இந்த ஒற்றுமையைப் பார்த்துவிட்டு எந்த மருத்துவரும் ‘பரவாயில்லை, ஒரு முறைதானே’ என்று சொல்ல மாட்டார்.

‘எனக்கு வந்துவிடுமா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. 2022-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, மனச்சிதைவோடு தொடர்புடைய 287 இடங்களை மரபுத்தொகுதியில் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ரத்தம் எடுத்துப் பார்த்து உங்களுக்கு வரும், வராது என்று கணிக்க முடியாது. பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. சித்தப்பா, மாமா வரிசையில் ஒருவருக்கு இருந்தால் அது மூன்று நான்காகலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் பத்தை ஒட்டிப் போகிறது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வருவது பாதிப் பேருக்கோ அதற்கும் குறைவாகவோதான். ஆகவே உங்கள் தலையில் எதுவும் எழுதப்படவில்லை. உங்கள் வரிசையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் நலமாகத்தான் இருக்கிறார்கள். அந்த நல்ல நிலையில் எதற்குக் கை வைக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. ஆண்களுக்கு இந்த நோய் பதின்ம வயதின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுவரைக்கும்தான் அதிகமாகத் தொடங்குகிறது. சித்தப்பாவுக்கு 20. உங்களுக்கு இப்போது 23.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு 2024-இல் வந்தது. இவ்வகைப் போதைப்பொருள் தொடர்பாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் மனச்சிதைவு வகை நோய் உறுதியானது. பொது மக்களில் அது 0.15. மற்ற போதைப் பழக்கங்களையும் முன்பே இருந்த மனநலச் சிக்கல்களையும் கழித்துப் பார்த்த பிறகும் ஆபத்து மூன்றரை மடங்கு. இது ஆஸ்பத்திரிக்கு வரும் அளவுக்குப் போனவர்களின் கணக்கு; ஒரு முறை சாப்பிட்ட எல்லாருக்கும் பொருந்தாது. காளான்தான் காரணம் என்று நிரூபித்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. ‘போதை இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று உங்கள் நண்பர் சொன்னால், இன்னொன்றையும் சொல்லுங்கள்: இவ்வகைப் பொருள்களால் புத்தி பேதலித்துச் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் பிற்பாடு மனச்சிதைவு நோயாளி ஆனார் என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு தொகுப்பாய்வு 2020-இல் காட்டியது.

அதே தொகுப்பாய்வில் கஞ்சாவுக்கு அந்தக் கணக்கு மூன்றில் ஒருவர். நீங்கள் இன்னும் சாப்பிடாத காளானைப் பற்றி இத்தனை வரி எழுதிவிட்டு, வாராவாரம் புகைப்பதை ‘ஒன்றும் ஆனதில்லை’ என்று அரை வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்குக் காளானைவிட இதுதான் கவலை. கஞ்சாவுக்கு எதிரான சான்று மிகப் பழையது, உறுதியானது. ஸ்வீடன் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 1987-இல் முடிவை வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் 50 முறைக்கு மேல் புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு ஆறு மடங்கு அதிகம் வந்திருந்தது. கொடைக்கானல் பயணம் ரத்தானாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் இதை நிறுத்துங்கள்.

காசிக்குப் போனவர் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் இந்த நோயை மறைப்பதற்கு எத்தனை ஏற்பாடு! சம்பந்தம் பேசுகிற வீட்டில் ‘அவர் கொஞ்சம் ஒரு மாதிரி’, ‘யாரோ வைத்துவிட்டார்கள்’, ‘சாமியாராகப் போய்விட்டார்’ என்று சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறை நோய்க் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலையை உங்களைப் போன்ற பேரப்பிள்ளைகள் கொடுக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த நோயாளி ஒருவர் என்றால், தெரியாதவர் இருக்க வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாயியிடம் ‘நம் குடும்பத்தில் யாருக்காவது பைத்தியமா?’ என்று கேட்டால் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவார். வேறு மாதிரி கேளுங்கள். யாரையாவது குணசீலத்துக்கு அழைத்துப் போய் ஒரு மண்டலம் தங்கியிருந்தார்களா? திருவிடைமருதூரில் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வந்தது யாருக்காக? நன்றாகப் படித்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று வீட்டோடு உட்கார்ந்தவர் யார்? பிள்ளை பெற்றபின் புத்தி தடுமாறிப் பிறந்த வீட்டுக்கு வந்த அத்தை உண்டா? கிணற்றில் விழுந்தவர்? இரவெல்லாம் தூங்காமல் பேசி, கையில் இருந்ததையெல்லாம் வாரிக் கொடுத்தவர்? கடைசிக் கேள்வி, மனம் ஒரு சமயம் அளவுமீறிப் பொங்கி இன்னொரு சமயம் சோர்ந்து விழுகிற இருதுருவ மனநோய்க்காக. அதுவும் இங்கே முக்கியம். ஸ்வீடனில் இரட்டையரை வைத்துச் செய்து 2024-இல் வந்த ஆய்வில், மனச்சிதைவுக்கோ இருதுருவ நோய்க்கோ மரபுவழிச் சாய்வு அதிகம் உள்ள வளரிளம் பருவத்தினர் இவ்வகைப் பொருள்களைப் பயன்படுத்தியிருந்தால், அவர்களிடம் அப்படி மனம் அளவுமீறிப் பொங்குகிற வெறிநிலை அறிகுறிகள் கூடுதலாக இருந்தன.

அம்மா வழியையும் விட்டுவிடாதீர்கள். அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டியவர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா தன் மாமன் மகளைக் கட்டியிருந்தால், அந்தக் காசிக்காரர் உங்களுக்கு இரண்டு வழியிலும் சொந்தமாகிவிடுவார்.

சட்டத்தைப் பற்றி ஒரே வரி: 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் சைலோசைபினும் எல்.எஸ்.டி.யும் தடை செய்யப்பட்டவை. சுற்றுலா வந்தவன் என்று சொல்லித் தப்ப முடியாது.

கொடைக்கானலுக்கு நீங்கள் தாராளமாகப் போகலாம். நண்பர்களிடம் ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்ல வேண்டாம். ‘எங்கள் வீட்டில் இந்த நோய் இருக்கிறது, எனக்கு ஆகாது’ என்று சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர் ஜாங்கிரியைத் தள்ளி வைத்தால் யாரும் கேலி செய்வதில்லையே. அவர்களில் யாராவது சாப்பிட்டுவிட்டுப் பதறினால், கூச்சலும் கூட்டமும் இல்லாத இடத்தில் உட்கார வைத்து ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வாந்தி, வயிற்றுவலி தொடர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. விற்றவன் கொடுத்தது விஷக்காளானாகவும் இருக்கலாம். ஊர் திரும்பிய பிறகும் ஒருவர் இரண்டு மூன்று இரவுகள் தூங்காமல் இருந்தால், யாரோ பின்தொடர்கிறார்கள் என்றால், இல்லாத குரலுக்குப் பதில் சொன்னால், காத்திருக்காதீர்கள். ‘என்ன சாப்பிட்டார், எப்போது’ என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நடு இரவில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416. அரசின் டெலி மானஸ் எண், தமிழிலும் பேசலாம்.

சித்தப்பாவிடம் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவரைவிட யாரிடம் பேசுவீர்கள்? ரேடியோவின் மூடியைக் கழற்றுவதற்கு முந்தைய மாதங்களில் என்ன நடந்தது, தூக்கம் எப்போது கெட்டது, யாரிடமிருந்து ஒதுங்கினார், அப்போது ஏதாவது புகைத்தாரா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இத்தனை ஆண்டாக மாத்திரையும் சாப்பிட்டு வயலையும் பார்க்கிற மனிதர். கேட்டால் உடைந்துபோவார் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். ஊர் நடுவில் கேட்காமல், அடுத்த மாதம் அவர் மாத்திரை வாங்கப் போகும் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். தஞ்சாவூர் போகிற வழியில் பேசுவதற்கு நேரம் இருக்கும். அங்கே உங்கள் பெயரிலும் ஒரு சீட்டுப் போட்டு, அப்பாயி சொன்னதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லுங்கள், கஞ்சாவையும் சேர்த்து.