காற்றடிக்கும் பக்கம்

வணக்கம்.

சென்ற மாதம் கலிஃபோர்னியாவின் மாண்டரே கடற்கரைக்குப் போயிருந்தோம். அங்குள்ள பழைய சைப்ரஸ் மரங்களைப் படமெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெபிள் பீச்சில் பாறைமேல் நிற்கும் ‘லோன் சைப்ரஸ்’, பாயின்ட் லோபோஸ் இயற்கைக் காப்பகத்தில் உள்ள சைப்ரஸ் தோப்பு என மூன்று நாட்களில் நானூறு படங்களுக்குமேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாமே எங்கோ ஏற்கெனவே பார்த்த படங்கள். பாறை, மரம், நீலக்கடல், அவ்வளவுதான். இரண்டாம் நாள் முழுக்க மூடுபனி என்பதால் அன்றைய படங்களை ஒதுக்கிவைத்துவிட்டேன். சில கிளைகள் துருப்பிடித்ததுபோல ஆரஞ்சாக இருந்தன. படத்தில் அது பொய்யாகத் தெரிந்ததால் பழுப்பாக மாற்றிவிட்டேன். அது மரத்துக்கு வந்த நோயா? இத்தனை பேர் எடுத்துத் தீர்த்துவிட்ட மரங்களில் இனி எடுக்க என்ன இருக்கிறது?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

ஆரஞ்சு நிறத்திலிருந்தே தொடங்குகிறேன். அது நோயல்ல. ட்ரென்டிபோலியா என்னும் பாசி. வகைப்பாட்டின்படி அது பச்சைப்பாசிதான். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் அதன் உடலில் நிறைந்திருப்பதால் பச்சை மறைந்து ஆரஞ்சு மேலே வந்துவிடுகிறது. மரத்திலிருந்து அது எதையும் உறிஞ்சுவதில்லை. ஒட்டிக்கொள்ள ஒரு கிளையும் கடல்பனியின் ஈரமும் அதற்குப் போதும். பாயின்ட் லோபோஸில் பாதையோரம் ஒரு கிளை என் முகத்துக்கு நேராக நீண்டிருந்தது. வெல்வெட் துணியைச் சுற்றித் தைத்ததுபோல அதன்மேல் பாசி. ஒவ்வொரு இழையின் நுனியிலும் பனி ஒரு பொட்டாக நின்றது. என் மூச்சு பட்டு ஒன்றிரண்டு உதிர்ந்தன. அந்த நிறம் பொய்யாகத்தான் தெரியும். ஆனால் அது அங்கே இருக்கிறது. தயவுசெய்து அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி. நீங்கள் எடுத்தவை பெரும்பாலும் மரத்தின் உருவங்கள் என்று நினைக்கிறேன். வானத்தின் முன்னால் கறுப்பாக வெட்டி வைத்ததுபோன்ற வடிவம். அது உண்மையிலேயே எடுத்துத் தீர்ந்துவிட்டது. லோன் சைப்ரஸை வேலிக்கு இந்தப் பக்கம், பார்வை மேடையிலிருந்துதான் பார்க்க முடியும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறோம், ஒரே படம் கிடைக்கிறது. 250 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று கணிக்கப்படும் அந்த மரத்தை இன்று இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. 1984ல் யாரோ தீவைத்ததில் கருகிப் பிழைத்தது. 2019 பிப்ரவரிப் புயலில் ஒரு பெரிய கிளையை இழந்தது. அந்தக் கம்பிகளைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளத்தான் எல்லோரும் பாடுபடுகிறார்கள். எனக்கோ கம்பிகளோடு இருக்கும் படமே பிடிக்கும், அந்த மரம் இன்று வாழ்வது அப்படித்தான். (அந்த மரம் பெபிள் பீச் நிறுவனத்தின் வணிகச் சின்னம். உங்களுக்காக எடுப்பதில் சிக்கலில்லை, விற்பதாக இருந்தால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

உருவத்தை விட்டு உடலுக்கு வாருங்கள். மாண்டரே சைப்ரஸ் இயற்கையாக வளர்வது உலகிலேயே இரண்டே தோப்புகளில். ஒன்று பெபிள் பீச்சை ஒட்டிய சைப்ரஸ் பாயின்ட், இன்னொன்று பாயின்ட் லோபோஸ். நியூசிலாந்தின் பண்ணைகளில் இதே மரத்தை ‘மேக்ரோகார்ப்பா’ என்ற பெயரில் வளர்க்கிறார்கள். காற்று மறைவான இடத்தில் நெடுநெடுவென்று நேராக உயரும். அப்படியென்றால் நாம் பார்த்த கோணல், மரத்தின் சுபாவம் அல்ல. காற்று மரத்தை வளைத்துவிட்டது என்று சொல்கிறோம், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அதைவிடப் பெரிய வேலையைச் செய்வது உப்பு. அலைத்திவலைகளில் வரும் உப்பு கடல்பக்கத்து மொட்டுகளைத் திரும்பத் திரும்பக் கருக்குகிறது. மறுபக்கத்து மொட்டுகள் பிழைத்துக் கிளையாகின்றன. பல பத்தாண்டுகள் இது நடந்தபின் மரம் நிலத்தை நோக்கி ஓடுவதுபோல நிற்கிறது. நாம் பார்க்கும் வடிவம், செத்தது போக மிஞ்சியது.

இது தெரிந்தபின் கேமராவை வைக்கும் இடமே மாறிவிடும். கடலைப் பின்னணியாக்கும் கோணத்தை விட்டுவிட்டு, காற்றின் திசைக்குக் குறுக்காக நில்லுங்கள். இடப்பக்கம் சீப்புப்பற்கள் போல வெளிறிய சுள்ளிகள், வலப்பக்கம் அடர்பச்சை. இரண்டும் ஒரே மரத்தில். அடிமரத்தையும் பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் கடல்பக்கம் பட்டை முழுக்க உரிந்து, வெள்ளிபோல் பளபளக்கும் வெறும் கட்டை. மறுபக்கம் ஒரு சாண் அகலத்துக்கு உயிருள்ள பட்டை மட்டும் அடியிலிருந்து மேலே ஏறிப்போகிறது. தலைக்குமேல் இருந்த அத்தனை பச்சைக்கும் சோறு போடுவது அந்த ஒரு சாண்தான். அதன்முன் நெடுநேரம் நின்றேன். அன்று வேறு படமே எடுக்கத் தோன்றவில்லை.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1929ல் பக்கத்து ஊரான கார்மலுக்குக் குடிவந்தவுடன் எடுத்த படங்களில் சைப்ரஸ் வேர்கள் இருக்கின்றன. கடலோ வானமோ இல்லாமல், முறுக்கிய மரநார் மட்டும். எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு 1948 வரை, பார்க்கின்சன் நோய் கையைக் கட்டிப்போடும்வரை, பாயின்ட் லோபோஸுக்குத் திரும்பத் திரும்பப் போனார். அவர் கடைசியாக எடுத்த படமும் அங்கேதான். அந்தப் படங்களைப் பெரிய அச்சில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூடுபனி நாளை ஒதுக்கியதில்தான் எனக்கு வருத்தம். கோடையில் அந்தக் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அதன்மேல் ஈரக்காற்று நகரும்போது பனி திரள்கிறது. மழையே இல்லாத மாதங்களில் அந்த மரங்களுக்குக் கிடைக்கும் ஈரம் அதுதான். படமெடுப்பவருக்கும் அது கொடை. பின்னால் இருக்கும் மரங்களை ஒவ்வொரு அடுக்காக அழித்து, ஒன்றை மட்டும் முன்னே விடுகிறது. கேமரா மட்டும் பனியின் வெண்மையைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியின் அளவை, முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு ஒளி) கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் ‘பகல் ஒளி’யில் நிறுத்தினால் பாசியின் நிறம் படத்துக்குப் படம் மாறாது. ஈரப்பட்டையின் பளபளப்பைக் குறைக்க மேகமூட்டத்திலும் லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி உதவும். லென்ஸை அடிக்கடி துடையுங்கள், கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்துகொண்டே இருக்கும்.

மறுமுறை போனால் நல்ல கோணத்துக்காகப் பாதையை விட்டு இறங்கவேண்டாம். வேர்கள் மேலாகவே ஓடுகின்றன, மிதித்து இறுகிய மண் அவற்றுக்குக் கெடுதல். பாயின்ட் லோபோஸ் காலை 8 மணிக்குத்தான் திறக்கும், அங்கே சூரிய உதயம் எடுக்கமுடியாது என்று பலர் குறைப்படுகிறார்கள். பனி இருக்கும்வரை அது ஒரு குறையே இல்லை.

இரண்டாம் நாள் படங்களை மறுபடி திறந்து பாருங்கள். அடிமரம் மட்டும் தெரியும் ஒன்றையும், நீங்கள் பழுப்பாக்கிய கிளையின் மூலப்படத்தையும் எனக்கு அனுப்புங்கள். நிறத்தில் கை வைக்காமல்.

அன்புடன்.