போர்வெல் அப்புறம், பட்டா முதலில்: ஊர் மானாவாரி நிலத்துக்கு அரசுத் திட்டம் கிடைக்குமா?

கேள்வி: அருப்புக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் தாத்தாவின் 4 ஏக்கர் கரிசல் காடு இருக்கிறது. அப்பா பினாங்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார், இப்போது இல்லை. சித்தப்பா மகன்தான் பயிர் செய்கிறான். மக்காச்சோளம், உளுந்து எது போட்டாலும் போட்ட காசு வரவில்லை என்கிறான். போர்வெல் போட 3 லட்சம் ரூபாய் அனுப்பச் சொல்கிறான். மானாவாரிக்கு அரசு நிறையத் திட்டம் வைத்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அதெல்லாம் உண்மையில் கைக்கு வருமா? இங்கிருந்து நான் என்ன செய்யலாம்? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: வரும். ஆனால் நிலத்தின் காகிதம் சரியாக இருக்க வேண்டும், பருவத்துக்கு முன்னால் பதிந்திருக்க வேண்டும். பல இனங்களில் முதலில் கைக்காசைப் போட்டு வேலையை முடித்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். இங்கே செபராங் பிறையில் நெல் விவசாயிக்கு மானிய உரம் மூட்டையாகவே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. முன்பணம் இல்லாததால்தான் பலர் திட்டத்தைத் தவறவிடுகிறார்கள். நீங்கள் அனுப்பும் மலேசிய வெள்ளி அந்த இடைவெளியை அடைத்தாலே போதும், 3 லட்சம் தேவைப்படாது.

போர்வெல் பற்றி முதலில். விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை. துளை போட்டுத் தண்ணீர் வராமல் போனால் பணம் அதோடு சரி. வந்தாலும் பல இடங்களில் உவர் தண்ணீர். கரிசலில் உப்புத் தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண் இறுகி, மழையில் விளைந்த பயிரும் விளையாமல் போய்விடும். தம்பி பிடிவாதமாக இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறையின் நிலத்தடி நீர் ஆய்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கட்டணம் சிறியதுதான். கூடவே பக்கத்துக் காட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்து உப்பு அளவைப் பரிசோதித்துவிடட்டும். இந்த இரண்டு முடிவும் கைக்கு வராமல் போர்வெல்லுக்கு ஒரு காசுகூட அனுப்ப வேண்டாம்.

இனி காகிதம். பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ, காலமான உங்கள் அப்பா பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் எல்லாம் அங்கேயே நிற்கும். விவசாயிகளுக்கு இப்போது தரும் தனி அடையாள எண், பட்டாவில் உள்ள பெயரையும் ஆதாரையும் சேர்த்துத்தான் பதியப்படுகிறது. இறந்தவர் பெயரில் அது கிடைக்காது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, உட்பிரிவு செய்து, தம்பியின் பங்கைத் தனிப் பட்டாவாக்குவதுதான் முதல் வேலை. நீங்கள் நேரில் போக முடியாவிட்டால் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்தைச் சான்றொப்பம் செய்து அனுப்பலாம். அது இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இதை விட்டுவிட்டுப் பிறகு அலைபவர்கள் நிறைய.

உங்கள் பங்கு 2 ஏக்கரையும் தம்பிதான் உழுகிறான் என்றால், எழுத்தில் ஒரு குத்தகை ஒப்பந்தம் போட்டுக்கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் சாகுபடி செய்பவராக அவன் பெயர் ஏற வேண்டும். உங்கள் பெயரில் மானியம் கேட்க முயல வேண்டாம். பி.எம். கிசான் உதவித்தொகைக்கு வெளிநாடுவாழ் இந்தியருக்கே தகுதி இல்லை, மலேசியக் குடிமகனைப் பற்றிப் பேச்சே இல்லை. வாரிசாக வந்த விவசாய நிலத்தை வைத்திருக்கலாம். பக்கத்துக் காட்டையும் உங்கள் பெயரில் வாங்கிப்போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

எந்தத் திட்டம் எந்த வேலைக்கு என்பதில் குழப்பம் அதிகம். பெயர்கள் அடிக்கடி மாறுவதும் ஒரு காரணம். தமிழக அரசு 2016-17-ல் தொடங்கிய நீடித்த மானாவாரி இயக்கம் 2,500 ஏக்கரை ஒரு தொகுப்பாக எடுத்து, உழவு, தடுப்பணை, விதை, இயந்திரம் எல்லாவற்றையும் அந்தத் தொகுப்புக்குள் கொடுத்தது. இலக்கு 25 லட்சம் ஏக்கர். 2021-22-ல் வந்த கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் பஞ்சாயத்து வாரியாகத் தேர்ந்தெடுக்கிறது. இதில் 10 முதல் 15 ஏக்கர் தரிசு ஒரே தொகுப்பாகச் சேர்ந்தால் அரசே பொதுவான நீர் ஆதாரம் அமைத்துத் தருகிறது. போர்வெல் ஆசைக்கு இதுதான் முறையான வழி. பக்கத்துக் காட்டுக்காரர்களோடு பேசிப் பார்க்கச் சொல்லுங்கள், தனி ஆளாகக் கேட்டால் நடக்காது. மத்திய அரசின் மானாவாரிப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் பயிரோடு ஆடு, மாடு, கோழி, மண்புழு உரம் சேர்ந்த ஒருங்கிணைந்த பண்ணையத்துக்குப் பாதிச் செலவு தருகிறது. உச்சவரம்பை ஆண்டுதோறும் அரசாணையில் அறிவிப்பார்கள். நீர்வடிப்பகுதித் திட்டத்தில் தனி ஆள் விண்ணப்பமே கிடையாது. கிராமம் தேர்வானால் சமவெளியில் ஹெக்டேருக்கு 22,000 ரூபாய் கணக்கில் வரப்பு, தடுப்பணை, குட்டை வேலைகள் நடக்கும். எனவே தம்பி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எங்க ஊரு இந்த வருசம் எந்தத் தொகுப்புல இருக்கு?" "என்ன மானியம் இருக்கு" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

விளைச்சல் எங்கே போகிறது என்று பார்ப்போம். பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.-க்கு மேல் மழை, அதுவும் பரவலாக. அருப்புக்கோட்டைப் பக்கம் 800 சொச்சம்தான். அதில் பாதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டி ஓடிவிடும், நடுவில் 15 நாள் மழையில்லாக் காய்ச்சல் வரும். ஓடுகிற தண்ணீரை நிறுத்தி அந்தக் காய்ச்சலைக் கடத்துவதுதான் மானாவாரியின் கணக்கு. மக்காச்சோளம் கதிர் பூட்டை விடும் நேரத்தில் பத்து நாள் காய்ந்தாலே மணி பிடிக்காது. 2018-க்குப் பிறகு படைப்புழு மருந்துச் செலவும் சேர்ந்துகொண்டது. 4 ஏக்கரிலும் அதைப் போடுவது என் கணக்கில் சூதாட்டம். சோளமும் உளுந்துமாகப் போடட்டும்.

சித்திரை, வைகாசியில் கோடை மழை விழுந்ததும் உழவு. 2025-26 தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கை மானாவாரிக் கோடை உழவுக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய், அதாவது ஏக்கருக்கு 800 மானியம் அறிவித்தது. உழவு சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். டிராக்டர்காரர் நீளவாக்கில் ஓட்டத்தான் விரும்புவார், திருப்பம் குறைவு, டீசல் மிச்சம். அப்படி விட்டால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகி மண்ணோடு தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். ஓரத்தில் சீமைக்கருவேலம் ஏறியிருந்தால் வெட்டினால் போதாது, அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு ஒன்று பத்தாகத் துளிர்க்கும்.

ஆவணியில் 8-க்கு 5 மீட்டர் அளவில் கட்டப் பாத்திகள். மழை விழுந்த இடத்திலேயே நிற்கத்தான் இது. சோளத்துக்குக் கே 12 ரகம், ஏக்கருக்கு 6 கிலோ. விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்குக் காயவைக்க வேண்டும். வெயிலில் காயப்போட்டால் முளைப்புத்திறன் போய்விடும். புரட்டாசியில், பருவமழைக்கு முன்பே, 5 செ.மீ. ஆழத்தில் விதைக்க வேண்டும். மேலாக விதைத்தால் ஒரு தூறலுக்கே முளைத்து, அடுத்த வெயிலில் கருகும். 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 20 மி.மீ. அளவுக்கு நல்ல மழை விழுந்த பிறகுதான் முளைக்கும். உளுந்துக்கு வம்பன் 8 அல்லது 11, ஏக்கருக்கு 8 கிலோ. அரசு விதையை வாங்கப் புரட்டாசி வரை காத்திருந்தால் இருப்பு தீர்ந்திருக்கும், ஆவணியிலேயே வாங்கி வைக்கட்டும். உளுந்து பூக்கும்போதும், 15 நாள் கழித்தும் டி.ஏ.பி. உரத்தை 2 சதவீதக் கரைசலாகத் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோவை முந்தின இரவே 10 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு, தெளிந்ததை வடிகட்டி 200 லிட்டராக்க வேண்டும். வடிகட்டாவிட்டால் விசைத்தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும்.

உங்கள் பணத்தில் நிலையாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் பண்ணைக்குட்டை. வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வெட்டுகிறார்கள், நூறு நாள் வேலைத் திட்டத்திலும் வெட்டியிருக்கிறார்கள். மேலே 20-க்கு 20 மீட்டர், அடியில் 14-க்கு 14, ஆழம் 2 மீட்டர் என்றால் சுமார் 5.8 லட்சம் லிட்டர் பிடிக்கும். குட்டை 10 சென்ட், கரையோடு 17 சென்ட் நிலம் போகும். 400 மி.மீ. மழையில் பத்தில் ஒரு பங்கு ஓடிவந்தாலே 4 ஏக்கரிலிருந்து சுமார் 6.5 லட்சம் லிட்டர் சேரும், குட்டை நிறைந்துவிடும். பயிர் காயாமல் காக்கும் 30 மி.மீ. உயிர்த்தண்ணீர் ஒரு ஏக்கருக்குச் சுமார் 1.2 லட்சம் லிட்டர். ஆவியாகிப் போனதும் கசிந்ததும் தள்ளினால் 3 முதல் 4 ஏக்கருக்கு ஒரு தண்ணீர் உறுதி. சோளம் கதிர் வெளிவருமுன் பொதி கட்டும்போது, உளுந்து பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது கொடுக்கும் அந்த ஒரு தண்ணீரில்தான் மகசூல் நிற்கிறது.

குட்டை கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று தவறுகளால். காட்டின் தாழ்ந்த மூலையில் வெட்டாமல் ரோட்டோரமாக, பொக்லைன் போக வசதியான இடத்தில் வெட்டுவது ஒன்று. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே கொட்டினால் முதல் மழைக்கே உள்ளே சரியும். ஒரு மீட்டராவது தள்ளிக் கொட்ட வேண்டும். தண்ணீர் நுழையும் இடத்தில் வண்டல் பிடிக்க ஒரு சிறு குழியும் கல் பதிப்பும் இல்லாவிட்டால் மூன்றே வருடத்தில் குட்டை மேடாகும். கரிசலில் கசிவு குறைவு, தார்ப்பாய் விரிக்க வேண்டியதில்லை. தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள், வெடிப்பு எல்லாவற்றையும் குடித்துவிடும். தெளிப்பு நீர்ப் பாசனக் கருவிக்குத் தமிழகத்தில் சிறு, குறு விவசாயிக்கு 5 ஏக்கர் வரை 100 சதவீத மானியம். அதற்குத் தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வேண்டும். குட்டையை நீர் ஆதாரமாகக் காட்டி, ஆயில் என்ஜின் மட்டும் கைக்காசில் வாங்கினால் போதும்.

பயிர்க் காப்பீட்டைக் கடைசிக்கு விடவே கூடாது. ராபி எனப்படும் குளிர்காலப் பருவ உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் விவசாயி கட்டுவது. விளைச்சல் இழப்பைத் தம்பி காட்டை மட்டும் பார்த்துக் கணக்கிட மாட்டார்கள். கிராமத்திலோ, பல கிராமங்கள் சேர்ந்த பிர்க்காவிலோ நடத்தும் அறுவடைச் சோதனையின் சராசரிதான் கணக்கு. அவன் காடு மட்டும் காய்ந்தால் ஒன்றும் வராது. ஆனால் ஊர்ப் பரப்பில் முக்கால் பங்கு விதைக்கவே முடியாமல் போனால், காலக்கெடுவுக்குள் பதிந்தவர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும். வெள்ளம் புகுந்து அவன் காடு மட்டும் மூழ்கினால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்திருக்க வேண்டும். அடங்கலில் உளுந்து, காப்பீட்டில் மக்காச்சோளம் என்று மாறிப் பதிந்தால் இழப்பீடு தள்ளுபடி ஆகும்.

ஆகவே பணத்தைத் தீபாவளிக்கு மொத்தமாக அனுப்பாதீர்கள், அப்போது விதைப்பு முடிந்திருக்கும். சித்திரையில் உழவுக்கும் குட்டைக்கும், ஆவணியில் விதை, பாத்தி, காப்பீட்டுக்கும் எனப் பிரித்து அனுப்புங்கள். மானியம் தம்பி கணக்கில் ஏறியதும் அதையே அடுத்த பருவ முதலாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த வாரமே அவன் பட்டா நகலையும் போன வருட அடங்கலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.